கணவாய் மூடிய பிறகு அடுப்பில் என்ன வேகும்? காஷ்மீரின் குளிர்காலச் சாப்பாடு

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு மக்கள் தங்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் முதல் நாற்பது நாட்கள் ‘சில்லை கலான்’. பெருங்குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த இருபது நாட்கள் ‘சில்லை குர்த்’. கடைசிப் பத்து நாட்கள் ‘சில்லை பச்சா’. மார்ச் பிறக்கும்போது குளிர் விடைபெறும் என்பது கணக்கு. முதல் நாற்பது நாட்களில் விழும் பனிதான் உயரமான மலைகளில் கெட்டிப்பட்டுத் தங்கி, கோடையில் ஓடைகளுக்கும் நெல்வயல்களுக்கும் தண்ணீராக இறங்கி வரும். அதனால் அந்த நாட்களில் பனி விழாவிட்டால்தான் விவசாயிக்குக் கவலை.

2024இல் சில்லை கலானின் முதல் நாள் அதிகாலையிலேயே ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. டிசம்பர் மாதத்தில் அவ்வளவு குளிரை அந்த நகரம் ஐம்பது ஆண்டுகளாகப் பார்க்கவில்லை. குழாய்களில் தண்ணீர் உறைந்தது, தால் ஏரியின் மேல் பனிக்கட்டி படர்ந்தது. சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு உறைபனி புதிதல்ல. அந்த உறைபனியைத் தாங்க என்ன சாப்பிடுவது என்பதும் அங்கே பல தலைமுறைகளாகத் தீர்த்து வைக்கப்பட்ட விஷயம்.

காஷ்மீர்ச் சாப்பாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வாஸ்வான். ரோகன் ஜோஷ், ரிஸ்தா, குஷ்தாபா என்று வரிசையாக வரும் கல்யாண விருந்து அது. அதைச் சமைப்பவர்கள் ‘வாஸா’ எனப்படும் பரம்பரைச் சமையல்காரர்கள். குளிர்காலத்தில் வீட்டு அடுப்பில் வேகுவது முற்றிலும் வேறு: காய்ந்த சுரைக்காய், டர்னிப், ராஜ்மா, கருவாடு, முட்டைக்கோஸ் இனத்து ஹாக் கீரை. வாஸ்வானைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விருந்துச் சமையல் எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது செய்யப்படுவது. எதுவும் விளையாது, எதுவும் வந்து சேராது என்ற நிலையிலிருந்து தொடங்குவது குளிர்காலச் சமையல். காஷ்மீரிகளின் சமையல் அறிவை அளக்க வேண்டுமென்றால் இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

எதுவும் வந்து சேராது என்று சொன்னேன். அதற்குக் காரணம் பனி மட்டும் இல்லை, சாலையும்தான். பள்ளத்தாக்கின் தெற்கே பீர் பாஞ்சால் மலைத்தொடர், வடகிழக்கே பேரிமயம். வெளியுலகுக்கு இயற்கை கொடுத்த வாசல் ஜீலம் ஆறு ஓடிப்போகும் மேற்குத் திசை. பாரமுல்லா, ஊரி வழியாக ராவல்பிண்டியை நோக்கிச் செல்லும் ஜீலம் பள்ளத்தாக்குச் சாலை 1890இல் வண்டிகள் போகும் அளவுக்கு முடிக்கப்பட்டது. ஆற்றோடு கூடவே இறங்கிப்போகும் வழி என்பதால் அதில் உயரமான கணவாய் எதையும் தாண்ட வேண்டியதில்லை. 1947இல் அந்த வழி அறுபட்டது. மிஞ்சியது ஜம்முவுக்குச் செல்லும் பனிஹால் பாதை. கணவாயின் உயரம் சுமார் 2,830 மீட்டர். பனி விழுந்தால் மூடிக்கொள்ளும். 1956 டிசம்பரில் அதற்குக் கீழே ஜவாஹர் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் நிலைமை கொஞ்சம் தேறியது. ஆனாலும் ராம்பன் பக்கம் மலை சரிந்தால் அரிசியும் காய்கறியும் ஆடுகளும் ஏற்றிய லாரிகள் நாட்கணக்கில் வரிசையாக நிற்கும். ஸ்ரீநகரில் இறைச்சி விலை ஏறும், காய்கறிக் கடைகள் வெறிச்சோடும். இந்த அனுபவம் ஒவ்வொரு காஷ்மீரிக் குடும்பத்துக்கும் உண்டு. அது அவர்களின் பரணிலும் தெரியும்.

வற்றல்தான் காய்

பரணில் இருப்பது ‘ஹோக் ஸ்யுன்’. உலர்ந்த காய்கறிகளுக்கு எல்லாம் சேர்த்து அந்தப் பெயர். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் விளைச்சல் பெருகிக் கிடக்கும்போதே பெண்கள் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். சுரைக்காயை நீள நீளமாகச் சீவிக் கயிற்றில் தொங்கவிட்டால் ‘அல் ஹச்சி’. கத்தரிக்காயைக் காம்பு அறாமல் நீளவாக்கில் கீறிக் காயவைத்தால் ‘வாங்கன் ஹச்சி’. தக்காளி காய்ந்தால் ‘ருவாங்கன் ஹச்சி’. டர்னிப்பை வட்டவட்டமாக நறுக்கி நூலில் கோத்து மாலையாக ஜன்னல் சட்டத்தில் மாட்டுவார்கள். அது ‘கோக்ஜி ஆர்’. வயல் வரப்பில் தானாக முளைக்கும் டான்டலியன் கீரையும் ‘ஹந்த்’ என்ற பெயரில் இந்தக் கூட்டத்தில் சேரும். காட்டிலிருந்து பொறுக்கி வரும், ‘குச்சி’ எனப்படும் மோரல் காளானும் காய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் வைக்கப்படும். அது விலை உயர்ந்தது. எல்லா வீட்டிலும் இருக்காது.

ஏன் அந்த இரண்டு மாதம்? தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை பீர் பாஞ்சால் மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. பள்ளத்தாக்கில் மழையும் பனியும் பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளால் பெய்பவை. கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் நாட்களில் காற்று வறண்டு, வெயில் மட்டும் உறைக்கும். ஆக, விளைச்சலும் உலர்த்தும் வானிலையும் ஒன்றாகச் சேரும் காலம் அதுதான். தவறவிட்டால் அக்டோபர் இரவுகளில் ஈரம் இறங்கிக் காய்கள் பூசணம் பிடிக்கும்.

நம்மூரிலும் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை எல்லாம் வற்றலாகும். ஆனால் நமக்கு வற்றல் ருசிக்கான துணை. கடையில் பச்சைக் காய் எந்த நாளும் கிடைக்கும். அங்கே சில்லை கலானில் வற்றல்தான் காய். அதனால் சமைக்கும் முறையும் வேறு. எண்ணெயில் பொரித்து ஓரமாக வைப்பதில்லை. வெந்நீரில் ஊறவைத்து, தூசி போக இரண்டு முறை அலசிப் பிழிந்து, கடுகெண்ணெயில் வதக்கி, மிளகாய், சோம்புப் பொடி, சுக்குப் பொடி சேர்த்துக் குழம்பாகக் கொதிக்கவிடுகிறார்கள். அல் ஹச்சியை ஆட்டிறைச்சியோடு சேர்ப்பதுண்டு, பருப்போடு சேர்ப்பதுமுண்டு. நீர் வற்றிப்போன சுரைக்காய் இறைச்சியைப் போலவே மெல்ல வேண்டியதாகிவிடுகிறது. பச்சையாக இருந்தபோது அதற்கு இல்லாத ஓர் அடர்த்தியான சுவை வந்துவிடுகிறது. காசு குறைவான வீட்டில் கொஞ்சம் கறியைப் பெரிய குழம்பாக நீட்டித்துக் கொடுப்பதும் இந்தச் சுரைக்காய்தான்.

மீனும் இப்படித்தான். ஏரிகளிலும் ஜீலத்திலும் பிடித்த சிறு மீன்களை வெயிலில் காயவைத்தால் ‘ஹோகார்ட்’. புல்லைக் கொளுத்தி அந்தத் தீயிலும் புகையிலும் வாட்டி எடுத்தால் ‘ஃபரி’. ஃபரியை ஹாக் கீரையோடு சமைத்த நாளில் அந்த வாசனை தெருமுனைக்கே வந்துவிடும். பிடித்தவர்களுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. பிடிக்காதவர்கள் அன்று அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டார்கள்.

எல்லாவற்றையும் காயவைப்பதும் இல்லை. டர்னிப், முள்ளங்கி, கேரட், நூல்கோல் ஆகியவற்றைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து மண்ணால் மூடுகிறார்கள். மேலே பனி எவ்வளவு விழுந்தாலும் கீழே மண் உறைவதில்லை. வேண்டும்போது குழியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். ஹாக் கீரையோ பனியிலேயே நிற்கும். குளிர் ஏற ஏற அந்த இனச் செடிகள் தங்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன, உறையாமல் தப்பிப்பதற்காக. பனி பட்ட ஹாக் இனிக்கிறது என்று வீட்டுப் பாட்டிகள் சொல்வது உண்மை. டர்னிப்பும் ராஜ்மாவும் சேர்ந்து வேகும் ‘ராஜ்மா கோக்ஜி’ இந்தக் காலத்தின் அன்றாடக் குழம்பு. அதைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை, வாரத்துக்கு இரண்டு முறையாவது சாப்பிடுகிறார்கள்.

விடியலுக்கு முன்பே தீரும் பானை

இறைச்சியும் அரிசியும் குழைய வேகும் ஹரிஸாவை மட்டும் வீட்டில் செய்வது அரிது. அது கடைச் சாப்பாடு, அதுவும் விடியற்காலைச் சாப்பாடு. ஸ்ரீநகரின் பழைய நகரத்தில், ஆலி கதல் போன்ற பாலத்தடி வட்டாரங்களில், சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகச் செய்கின்றன. இலையுதிர்காலத்தின் முடிவில் கடை திறந்து, குளிர் போனதும் மூடிவிடுவார்கள். கோடையில் கேட்டால் கிடைக்காது.

கடையின் அமைப்பே இந்த உணவுக்கென்று கட்டப்பட்டது. மேடைக்குள் பெரிய பானை ஒன்று கழுத்துவரை புதைந்திருக்கும். அதன் வாய் மட்டும் வெளியே தெரியும். கீழே, தரைக்கடியில், விறகு எரியும். முதல் நாளே எலும்போடு ஆட்டிறைச்சியைப் போட்டு வேகவைத்து, எலும்புகளைப் பொறுக்கி எடுத்து, அரிசி, சோம்பு, பட்டை, ஏலக்காய், கிராம்பு, பூண்டு சேர்த்து இரவு முழுக்கச் சிறு தீயில் விடுகிறார்கள். நடுநடுவே நீண்ட மரக்கோலால் இடித்துக் கிண்ட வேண்டும். விடியும்போது இறைச்சி எது, அரிசி எது என்று பிரிக்க முடியாத பசையாகியிருக்கும். அதைத் தட்டில் எடுத்து, புகை வரக் காய்ச்சிய எண்ணெயை மேலே ஊற்றி, ஒரு துண்டு கபாபும் கொஞ்சம் ‘மேத்தி மாஸ்’ எனப்படும் வெந்தயக்கீரை இறைச்சியும் வைத்துக் கொடுக்கிறார்கள். தொட்டுச் சாப்பிட ‘காந்துர்’ எனப்படும் ரொட்டிக்காரர் கடையின் சூடான கிர்தா ரொட்டி. வேலைக்குப் போகும் முன் ஒரு தட்டு சாப்பிட்டால் மதியம்வரை குளிர் தெரியாது. கொழுப்பும் புரதமும் மாவுச்சத்தும் ஒரே தட்டில் சேர்ந்திருப்பதால் அந்தப் பேச்சில் மிகை இல்லை.

இதன் வேர் காஷ்மீருக்கு வெளியே இருக்கிறது. கோதுமையையும் இறைச்சியையும் ஒன்றாகக் குழைய வேகவைக்கும் ‘ஹரீஸ்’ மேற்காசியாவின் மிகப் பழைய உணவு. 10ஆம் நூற்றாண்டு பாக்தாத்தின் சமையல் ஏட்டிலேயே அது இருக்கிறது. அது போன இடமெல்லாம் உள்ளூர்த் தானியத்தையும் மசாலாவையும் ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் ஹலீம் ஆனது. காஷ்மீர் அரிசி தின்னும் நாடு. அங்கே கோதுமையின் இடத்தில் அரிசி வந்து உட்கார்ந்தது, சோம்பு சேர்ந்தது. துனீசியாவின் ஹரிஸாவுக்கும் இதற்கும் உறவில்லை. அது மிளகாய் விழுது. ஆப்கானியர் காஷ்மீரை ஆண்ட காலத்தில் ஓர் ஆளுநர் ஹரிஸாவை அளவில்லாமல் தின்றே இறந்துபோனார் என்று பழைய நகரத்தில் ஒரு கதை சொல்வார்கள். வரலாறாக அதை ஏற்கத் தேவையில்லை. ஆனால் இந்த உணவின் மேல் ஊருக்கு இருக்கும் மோகம் எப்படிப்பட்டது என்பதற்கு அந்தக் கதை போதும்.

ஹரிஸாவுக்கு ஒரு சமூகக் கடமையும் உண்டு. குளிர்காலத்தில் பெண் கொடுத்த வீட்டிலிருந்து சம்பந்தி வீட்டுக்குப் பாத்திரம் நிறைய ஹரிஸா அனுப்புவது வழக்கம். புதிதாகக் கல்யாணம் ஆன வீடுகளில் இது கட்டாயம் போலவே ஆகிவிட்டது. இறைச்சி விலை ஏறிய காலத்தில் இந்த வழக்கம் பெண் வீட்டுக்குச் சுமைதான். அன்பாகத் தொடங்கியது எதிர்பார்ப்பாக மாறுவதைக் காஷ்மீரிகளே விமர்சிக்கிறார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஒரே நெருப்பு, பல வேலை

இந்தச் சமையலின் இன்னொரு சூத்திரம் விறகு. குளிர்காலத்தில் நெருப்பு எப்படியும் எரிந்தாக வேண்டும். எரிகிற நெருப்பைச் சமையலுக்கும் பயன்படுத்தாமல் விடுவது வீண். வசதியான வீடுகளிலும் மசூதிகளிலும் ‘ஹமாம்’ உண்டு: கற்பலகை பாவிய தரை, அதற்கடியில் விறகு எரியும் பள்ளம், பக்கத்திலேயே செம்புத் தண்ணீர்த் தொட்டி. ஒரு தடவை விறகு வைத்தால் அறை இரவு முழுக்கச் சூடாக இருக்கும், குளிக்கவும் வெந்நீர் கிடைக்கும். குடும்பமே அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டு, அங்கேயே தூங்கும். ஹமாம் இல்லாத வீட்டுக்குக் காங்க்ரி: பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கனல். இலையுதிர்காலத்தில் சினார் மர இலைகளைக் கூட்டிக் கொளுத்தி, தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியாக்கிச் சேமிப்பது இதற்காகத்தான். ஃபெரன் என்ற நீண்ட அங்கிக்குள் காங்க்ரியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முழு நாளையும் கழித்துவிட முடியும்.

அணையப்போகும் தணலுக்கென்றே உண்டான உணவு ‘ஷப் தேக்’. முழு டர்னிப்புகளையும் இறைச்சியையும், முன்பெல்லாம் பெரும்பாலும் வாத்து அல்லது சேவல், பானையில் போட்டு, மூடியை மாவால் ஒட்டி, இரவு முழுக்கத் தணலில் விட்டுவிடுவார்கள். விலை மலிந்த டர்னிப் காலையில் இறைச்சிச் சாற்றைக் குடித்து ஊறிக் கிடக்கும். அவசரத்தில் குக்கரில் செய்தால் அது டர்னிப் குழம்பாகும், ஷப் தேக் ஆகாது.

செம்பு சமோவரும் அதே தத்துவம்தான். நடுவே கரி போடும் குழல், சுற்றிலும் தேநீர். பல மணி நேரம் சூடு குறையாது. காலையிலும் மாலையிலும் குடிப்பது ‘நூன் சாய்’, உப்புத் தேநீர். பச்சைத் தேயிலையைச் சமையல் சோடாவோடு வெகுநேரம் கொதிக்கவைத்து, நடுவே குளிர்ந்த நீர் ஊற்றி அடித்து ஆற்றுகிறார்கள். காரத்தன்மையும் காற்றும் பட்டுத் தேயிலையின் பாலிஃபீனால்கள் அடர் சிவப்பாக மாறுகின்றன. அதில் பால் விழுந்ததும் ரோஜா நிறம். உப்பு, மேலே ஒரு கரண்டி பாலாடை. காந்துர் கடையில் காலைக்கு ஒரு ரொட்டி, மாலைக்கு எள் தூவிய வேறொரு ரொட்டி. குங்குமப்பூவும் பாதாமும் போட்ட கஹ்வாதான் சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியும். வீட்டில் அது விருந்தாளி வந்தால், விசேஷம் என்றால்.

இந்த உணவுகளை நேசிப்பவர்கள் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். காஷ்மீரில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் இந்தியாவின் பல பகுதிகளைவிட அதிகம். உப்புத் தேநீரிலும் உலர்ந்த மீனிலும் காய்கறியிலும் நைட்ரோசோ சேர்மங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. புகையிலைப் பழக்கமும் ஹுக்காவும் இதில் கலந்திருப்பதால் பழி முழுவதையும் தேநீர் மேல் போட முடியாது. காங்க்ரியும் தப்பவில்லை: தொடையிலும் வயிற்றிலும் அதன் சூடு பட்டுப் பட்டு உண்டாகும் தோல் புற்றுநோயை எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866இலேயே எழுதி வைத்தார். பூசணம் பிடித்த வற்றலைக் கழித்துவிடுவது, தேநீரைக் கொஞ்சம் ஆறவிட்டுக் குடிப்பது, உப்பைக் குறைப்பது ஆகியவை ருசியைக் கெடுக்காத மாற்றங்கள்.

குளிரில்லாத ஊருக்குப் போன குளிர்கால உணவு

பள்ளத்தாக்கின் இந்துக்களான காஷ்மீரிப் பண்டிதர்களின் அடுப்பில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. பெருங்காயம், சோம்பு, சுக்கு. பௌஷ மாத அமாவாசையில் அவர்கள் கிச்சடி சமைத்து யட்சனுக்குப் படைக்கிறார்கள். மலையிலிருந்து அன்றிரவு யட்சன் இறங்கி வீடு வீடாக வருவான் என்பது நம்பிக்கை. அரிசி, பாசிப்பருப்பு, மஞ்சள், நெய். சுற்றுச்சுவர் மேலோ முற்றத்திலோ அவனுக்கு ஒரு பங்கு வைத்துவிட்டு, வீட்டார் முள்ளங்கித் துவையலோடும் நூல்கோல் ஊறுகாயோடும் சாப்பிடுவார்கள். ஆழ்ந்த குளிரில் வெளியே இருக்கும் ஒருவனுக்குச் சூடான சோறு போடும் வழக்கம் இது. 

1990இல் பெரும்பாலான பண்டிதக் குடும்பங்கள் உயிருக்கு அஞ்சிப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்தது. பலர் ஜம்முவின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். ஜம்மு கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் அளவில் இருக்கும் சமவெளி நகரம். அங்கே பனி விழாது, காய்கறிக்குப் பஞ்சமும் கிடையாது. தேவை என்று பார்த்தால் அல் ஹச்சிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் அங்கேயும் டெல்லியிலும் அமாவாசைக் கிச்சடி வேகுகிறது, சுரைக்காய் வற்றல் தேடி வாங்கப்படுகிறது. பசியும் குளிரும் உண்டாக்கிய உணவு, அந்தக் காரணங்கள் இல்லாத இடத்திலும் நிலைக்கிறது என்றால் அதைத் தாங்குவது இப்போது வேறொன்று. ஊர் இல்லாதவர்களுக்கு ஊர் மிஞ்சியிருக்கும் இடங்களில் சாப்பாட்டுத் தட்டும் ஒன்று.

பள்ளத்தாக்குக்குள்ளும் காரணங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. 2013இல் பீர் பாஞ்சாலைக் குடைந்து 11 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் திறந்தது. 2021இல் பனிஹால்–காசிகுண்ட் சாலைச் சுரங்கம் பயன்பாட்டுக்கு வந்தது. 2025 ஜூன் 6 அன்று செனாப் பாலம் திறக்கப்பட்டு, கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. ஜனவரியிலும் ஸ்ரீநகர் சந்தையில் புதுத் தக்காளியும் கத்தரிக்காயும் குவிந்திருக்கின்றன. நகர வீடுகளில் காயவைக்க முற்றமும் இல்லை, நேரமும் இல்லை. வற்றலைப் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள் தயாரிக்க, நகரத்தார் பழைய நகரக் கடைத்தெருக்களில் எடை போட்டு வாங்குகிறார்கள். ஏழையின் சேமிப்பாக இருந்தது பச்சைக் காயைவிடப் பலமடங்கு விலைக்கு விற்கிறது. அந்தப் பணம் காயவைக்கும் பெண்ணின் கைக்கு வருமானால் இதில் வருந்த ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். தெருத்தூசி படியாத மூடிய உலர்த்திகள் அவர்களுக்குக் கிடைத்தால், நான் மேலே சொன்ன பூசணச் சிக்கலும் குறையும்.

சாலை இனி மூடாது என்று யாரும் எழுதி வைக்கவும் முடியாது. 2025 ஆகஸ்டின் கடைசியில் பெய்த கனமழையில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை உதம்பூர் அருகே இடிந்து, செப்டம்பரிலும் நாட்கணக்கில் லாரிகள் முடங்கின. அறுவடைக் காலத்து ஆப்பிள் பெட்டிகள் வழியிலேயே அழுகின. கொஞ்சம் சரக்கை ரயிலில் டெல்லிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அது பனிக்காலம் அல்ல. பள்ளத்தாக்கில் சுரைக்காய் சீவிக் கயிற்றில் கட்டும் காலம்.